ஆரஞ்சு யாருக்கு எந்தப் பக்கம் நகர்கிறது

“கலரை எடுத்துட்டேன், அவ்வளவுதான்.” கருப்பு வெள்ளைப் படம் போடும் நம் புகைப்படக்காரர்களிடம் இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் இது. ஏதோ பழத்தின் தோலை உரித்ததுபோல. உள்ளே உண்மை என்றொரு சுளை இருந்ததாம், வண்ணம் அதை மூடியிருந்ததாம், இவர் உரித்துக் கொடுத்தாராம். இந்தப் பதிலில் பாதி அறியாமை. மீதிப் பாதி, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாமர்த்தியம்.

டிஜிட்டல் கேமராவுக்குள் கருப்பு வெள்ளைப் படம் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பாதிக் கட்டங்கள் பச்சை. மீதியைச் சிவப்பும் நீலமும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. (லைக்கா 2012இல் வண்ண வடிகட்டியே இல்லாத மோனோகுரோம் கேமராவைக் கொண்டுவந்தது. அதை வாங்கும் வசதியுள்ளவர்களை இந்தச் சண்டையிலிருந்து விட்டுவிடுகிறேன்.) ஆக, வண்ணத்திலிருந்து சாம்பலுக்குப் போக யாராவது ஒரு கணக்குச் சொல்லியாக வேண்டும். பழைய தொலைக்காட்சிக் கணக்கு சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் என்று பிரித்தது. போட்டோஷாப்பின் ‘டீசாச்சுரேட்’ கட்டளைக்கு அந்தக் கவலைகூடக் கிடையாது. மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடும். அசல் சிவப்பும் அசல் பச்சையும் அசல் நீலமும் அதற்கு ஒரே சாம்பல்தான். எடுத்தது கலரை மட்டும் என்றால், இந்தக் கணக்கையெல்லாம் போட்டது யார்?

விஷயம் தெரிந்தவர்கள் டீசாச்சுரேட் பக்கம் போவதில்லை, லைட்ரூமுக்குப் போவார்கள். அங்கே எட்டு ஸ்லைடர்கள் உண்டு. அதில் மனிதர்கள் வசிப்பது ஆரஞ்சில். வெள்ளைக்காரரோ திருநெல்வேலிக்காரரோ, தோலின் சாயல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் விழும். பெரிதும் வேறுபடுவது வெளிச்சத்தின் அளவு. ஆரஞ்சை வலப்பக்கம் தள்ளினால் முகம் வெளுக்கும், தழும்பும் கரும்புள்ளியும் கரையும். இடப்பக்கம் தள்ளினால் முகம் கருக்கும், சுருக்கமும் மருவும் எழுந்து நிற்கும்.

கல்யாண ஆல்பத்தில் மணமகளுக்கு அது வலப்பக்கம் போகிறது. “பொண்ணு கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும் சார்.” அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சில் வைத்துச் செய்த டச்சிங் வேலைதான் இது. அதற்கென்று ஆள் இருந்தார், கூலி இருந்தது, அதை உண்மை என்று சொல்லி யாரும் விற்கவில்லை. சரி. இப்போது அதே கை தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படத்தைத் திறக்கிறது. ஆரஞ்சு இடப்பக்கம் போகிறது. கூடவே ‘கிளாரிட்டி’ மேலே ஏறுகிறது. கன்னத்தின் ஒவ்வொரு கோடும் வெடித்த வயலாகிறது, வியர்வை ஈயமாக மின்னுகிறது. 45 வயதுப் பெண் படத்தில் 60ஐத் தாண்டிவிடுகிறார். உப்பு வெள்ளை, ஆள் கருப்பு. “என்ன கான்ட்ராஸ்ட் சார்!”

அந்த மணமகளும் இந்தப் பெண்ணும் ஒரே நிறமாக இருக்கலாம், ஒரே ஊராகவும் இருக்கலாம். ஒருவர் வீட்டில் பணம் கொடுத்தார்கள், இன்னொருவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கருத்த தோலைக் கருப்பாகக் காட்டினால் என்ன தப்பு என்பார்கள். ஒரு தப்பும் இல்லை. இருந்ததைவிடக் கருப்பாக்கினீர்களே, அதைத்தான் கேட்கிறேன். அதுவும் அவருக்காக இல்லை, சுவருக்கு முன்னால் கைகட்டி நின்று உச்சுக்கொட்டப் போகிறவர்களுக்காக.

ஃபிலிம் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று ஒரு பதில் தயாராக இருக்கும். உண்மைதான். ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது, உதட்டைக் கருப்பாக்கிவிடும். ஆன்சல் ஆடம்ஸ் 1927இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுக்கும்போது அடர்சிவப்பு வடிகட்டி போட்டு வானத்தைக் கருக்கவைத்தார். ஆனால் அதை அவர் ஒளிக்கவில்லை. பின்னாளில் பாடமாகவே நடத்தினார். தவிர, பாறைக்கு மானம் கிடையாது.

இன்னொரு ஊருக்குப் போவோம். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்கு வரும் கேமராக்களுக்குக் கணக்கில்லை. அங்கே எடுத்த படங்களில் நான் பார்த்த எத்தனையோ கருப்பு வெள்ளை. அரவானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் காலை தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். அந்தச் சடங்கின் கதையே வண்ணம் போவதுதான். முதல்நாள் படத்தையும் சாம்பலாக்கிவிட்டால் மறுநாள் இழக்க அவர்களிடம் என்ன மிச்சம்? மஞ்சள், வெளிச்சம் மிகுந்த நிறம். வழக்கமான கணக்கில் அது வெள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மஞ்சள் கயிறு வெறும் கயிறாகிவிடும். குங்குமச் சிவப்போ எதிர்த்திசையில் இருண்டு, கருத்த நெற்றியோடு நெற்றியாகக் கரைந்துபோகும். பொழுது விடியும் முன்பே மென்பொருள் அவர்களை விதவையாக்கிவிடுகிறது. இதற்கு விமர்சகர்கள் வைத்திருக்கும் சொல், ‘காலமின்மை’.

துயரத்துக்குக் கருப்பு வெள்ளைதான் பொருத்தம் என்று சாதிப்பவர்கள் போபாலை நினைத்துக்கொள்ளட்டும். 1984 டிசம்பரில், மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் கருப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியூ வண்ணத்திலும் எடுத்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த படமாக வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு தேர்ந்தெடுத்தது வண்ணப் படத்தை. ரகு ராயின் படம் குறைந்ததல்ல; கண்ணை மூடினால் எனக்கு இன்றும் முதலில் வருவது அதுதான். ஆனால் கேமராவுக்குள் எந்த ஃபிலிம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுத்த படம் அது. ஊருக்குத் திரும்பி, வண்ணத்தில் ‘எஃபெக்ட்’ போதவில்லை என்று மாற்றியது இல்லை.

மண்டபத்து டியூப்லைட்டில் பச்சை பாரித்துப்போன முகங்களைக் காப்பாற்றக் கருப்பு வெள்ளை ஆக்குகிறீர்களா, ஆக்குங்கள். நிழலும் கோடுமாக இருக்கும் மழைத் தெருவை ஆக்குகிறீர்களா, நானும் வந்து ரசிக்கிறேன். மனிதர்களின் முகத்துக்கு வரும்போது மட்டும் ஒரு வேலை கூடுதலாகச் செய்யச் சொல்கிறேன். ரா கோப்பில் வண்ணம் அழியாமல் அப்படியேதான் இருக்கிறது. கண்காட்சியில் படத்தின் கீழே லென்ஸ், ஷட்டர் வேகமெல்லாம் எழுதுகிறீர்களே, ‘ஆரஞ்சு மைனஸ் 45, கிளாரிட்டி பிளஸ் 70’ என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் உள்ளங்கை அளவில் வண்ணப் படத்தையும் ஒட்டுங்கள். அடுத்த முறை தூத்துக்குடிக்குப் போகும்போது இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுபோய், அந்தப் பெண்ணிடமே காட்டி, “அக்கா, இதுல எது நீங்க?” என்று கேளுங்கள்.