தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது?



பால், இறைச்சி, முட்டை ஆகியவற்றில் ஆன்டிபயாடிக் மருந்துகளின் எச்சம் எவ்வளவு வரை இருக்கலாம், எவை அறவே கூடாது என்பதற்கான திருத்திய விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்துள்ளன. இதற்கு முன் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தை மத்திய அரசு தடை செய்தது. வரவேற்க வேண்டிய செயல்கள்தாம். ஆனால் தருமபுரி மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பாலைச் சோதிக்கிறார்கள், கறியைச் சோதிக்கிறார்கள். மாடும் கோழியும் தின்கிற தீவனத்தைச் சோதிப்பது யார்?

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமெல்லாம் மானாவாரி நிலமே அதிகம். மழை பொய்த்தால் கேழ்வரகும் துவரையும் கைவிட்டுவிடும். அப்போது வீட்டுக்கு அரிசி வாங்கித் தருவது கறவை மாடுதான். அண்மைக் காலத்தில் கறிக்கோழிக் கொட்டகைகளும் பெருகியிருக்கின்றன. அந்தத் தொழிலின் ஏற்பாட்டை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி கிடைக்கும். மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று அதைப் பிரித்துக் கொட்டுகிறவருக்கே தெரிவதில்லை!

தீவனத்தில் ஏன் மருந்து? 1940களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள், சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தைத் தின்ற குஞ்சுகள் வேகமாக எடை கூடுவதைக் கண்டார்கள். நோயைத் தீர்க்க வந்த மருந்து அன்று முதல் எடை கூட்டும் சரக்காகவும் ஆனது. சிறு அளவில் நாள்தோறும் கொடுக்கும்போது எல்லாக் கிருமிகளும் சாவதில்லை. பிழைத்தவை அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலோடு பெருகுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு மருந்து எதுவும் பலிக்காதபோது மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுப்பது கோலிஸ்டின். அதையே கோழிக்கும் போட்டுவந்தோம். 2015இல் சீனாவில், கோலிஸ்டினை எதிர்க்கும் ஆற்றலை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணு பன்றிகளிடத்தும் மனிதரிடத்தும் கண்டறியப்பட்டது. அதற்கு முன்னரே, 2012இல், மருத்துவர் அப்துல் கஃபூரின் முயற்சியால் உருவான 'சென்னை பிரகடனம்' நம் நாட்டுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, 'உணவு' என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது, கால்நடைத் தீவனம் அதில் அடங்காது என்று வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. மருந்தை மருந்துச் சட்டம் பார்க்கும். பாலை உணவுச் சட்டம் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே தீவன ஆலை நிற்கிறது. கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்று 2007இல் வந்த இந்தியத் தர அளவுகோல் சொன்னது உண்மைதான். ஆனால் அது விரும்பியவர் பின்பற்றலாம் என்ற வகை. கட்டாயமில்லாத அறிவுரையை வியாபாரம் எவ்வளவு மதிக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

இந்த இடைவெளியின் விளைவை ஒரு கணக்கெடுப்பு காட்டியது. 2018இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட 6,432 பால் மாதிரிகளின் முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியவை 77. ஆனால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு மிகுந்தவை 368. தமிழகத்தின் 551 மாதிரிகளில் 88 இவ்வாறு இருந்தன! இந்த நஞ்சு பால்காரர் கலந்ததன்று. ஈரம் ஏறிய புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்து, மாட்டின் வயிற்றுக்குள் போய், மடி வழியே வருவது. கணக்கெடுத்த ஆணையமே இது தீவனத்திலிருந்து வருகிறது என்றுதான் சொன்னது. மருந்தானாலும் பூஞ்சையானாலும் நுழைகிற வாசல் ஒன்றே.

ஆனால் பழி எங்கே விழுகிறது? சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்பினால் இழப்பு மாடு வைத்திருக்கும் அம்மாவுக்கு. 2012இல் வந்த மருந்து விதியின்படி, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பது மருந்தின் லேபிளில் இருக்க வேண்டும். தனியே ஆய்ந்து நிறுவப்பட்ட கணக்கு இல்லையென்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாடு நாளுக்குப் பத்து லிட்டர் கறந்தால், எழுபது லிட்டரைக் கீழே ஊற்ற வேண்டும். கூட்டுறவுக் கடன் தவணை அதற்காகக் காத்திருக்காது. ஊற்றாதவரைக் குற்றம் சொல்வது எளிது; ஊற்றியவருக்கு யாராவது ஒரு ரூபாய் ஈடு கொடுத்தார்களா?

வேறு நாடுகள் சுமையை வேறு இடத்தில் வைத்தன. ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டும் ஆன்டிபயாடிக்குகளை 2006இல் முற்றிலும் விலக்கியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலக்க, அமெரிக்காவில் 2017 முதல் கால்நடை மருத்துவரின் எழுத்து ஆணை வேண்டும். இங்கும் தீவனம் செய்கிற ஆலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. மூட்டையின் மேல், கலந்த மருந்தின் பெயரும் அளவும் காத்திருக்க வேண்டிய நாள்களும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். அந்த அச்சு பொய்யானால் வழக்கு ஆலையின் மேல் போக வேண்டும், கொட்டகைக்காரர் மேல் அன்று. மருந்து கொடுத்ததை மறைக்காமல் சொல்லிப் பாலை நிறுத்துகிறவருக்கு, அந்த ஏழு நாளுக்கான தொகையில் ஒரு பங்கையாவது சொசைட்டி தர வேண்டும்.