கொரியா வளர்ந்தது பிரம்பாலயா?

டீக்கடையோ ஆபீஸ் கேண்டீனோ, நாட்டு முன்னேற்றம்னு பேச்சு வந்தா ஒருத்தராவது தென்கொரியாவை இழுத்துடுவார். "பார்க் சுங் ஹீ மாதிரி ஒரு ஆள் வேணும் சார். பிரம்பை எடுத்தாத்தான் உருப்படும். மொதல்ல நாடு வளரட்டும், உரிமையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." சுத்தி இருக்கறவங்களும் தலையாட்டுவாங்க. இதுல பாதிக் கதைதான் இருக்குங்கறது என் கட்சி. மீதியை இங்க சொல்லிடறேன்.

பார்க் ராணுவப் புரட்சியில ஆட்சியைப் பிடிச்சது 1961 மே மாசம். அதுக்கு முன்னாடியே ரெண்டு பெரிய காரியம் நடந்திருந்தது.

ஒண்ணு, நிலம். 1949ல் வந்த சீர்திருத்தச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு சுமார் 3 ஹெக்டேர் (நம்ம கணக்குல ஏழரை ஏக்கர்) தான் உச்சவரம்பு. மிச்ச நிலம் குத்தகைக்கு உழுதவனுக்கு. விளைச்சல்ல ஒரு பங்கை சில வருஷம் தவணையா கட்டினா நிலம் அவன் பேருக்கு. மிராசுகளோட பிடி அதோட தளர்ந்தது.

ரெண்டாவது, பள்ளிக்கூடம். 1950 - 53 போர்ல நாடே தரைமட்டம். அப்பவும் கூடாரம் போட்டு வகுப்பு நடத்தினாங்க. 1960 வாக்குல பெரும்பாலான பிள்ளைங்க ஆரம்பப் பள்ளியில இருந்தாங்க. ஆக, பார்க் தொழிற்சாலை கட்டினப்போ உள்ளே போக எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச ஒரு தலைமுறை தயாரா இருந்தது!

பார்க் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல வரலை. ஏற்றுமதி பண்ணிக் காட்டினவனுக்குத்தான் சலுகைக் கடன்னு கறாரா இருந்தார். உலக வங்கி கைவிரிச்ச இரும்பாலையை, 1965 ஒப்பந்தத்துல ஜப்பான் கொடுத்த பணத்தை வச்சு 1973ல் ஓட விட்டார். சாதனைதான்.

ஆனா அந்தப் பிரம்படி யார் முதுகுல விழுந்தது?

சியோல்ல தையல் பட்டறைகள் நிறைஞ்ச ஒரு சந்தை. நிமிர்ந்து நிக்க முடியாத பரண்கள்ல பதின்வயசுப் பொண்ணுங்க ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை பாத்தாங்க. தொழிலாளர் சட்டம் 1953லேயே இருக்கு, காகிதத்துல. அதை அமல்படுத்தச் சொல்லி மனு மேல மனு போட்டுப் பாத்தார் ஜியான் டே-இல்ங்கற தையல் தொழிலாளி. யாரும் கண்டுக்கலை. 1970 நவம்பர் 13 அன்னிக்கு அந்தச் சந்தை வாசல்லயே தனக்குத் தானே தீ வச்சுக்கிட்டார். வயசு 22.

1979ல் பார்க்கை அவரோட உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்னார். அப்புறமும் ராணுவ ஆட்சிதான். 1987 ஜூன்ல மக்கள் லட்சக்கணக்குல தெருவுக்கு வந்த பிறகுதான் நேரடித் தேர்தல் வந்தது. 1988ல் குறைந்தபட்ச கூலி, 1989ல் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு. பிரம்பு போனதும் கொரியா படுத்துடலைங்க. 1997ல் பலமான அடி விழுந்தும் எழுந்து நின்னது.

சரி, "அப்புறம் பாத்துக்கலாம்" என்ன ஆச்சு? தேசிய ஓய்வூதியமே 1988ல் தான் ஆரம்பிச்சாங்க. நாட்டைக் கட்டின தலைமுறையில பலருக்கு அது கைக்கு எட்டலை, இல்ல, எட்டினது பத்தலை. பணக்கார நாடுகள்லயே முதியோர் வறுமை மிக அதிகமா இருக்கற நாடுகள்ல கொரியாவும் ஒண்ணு. இளைஞர்களோ பிள்ளை பெத்துக்கவே தயங்கறாங்க. 2023ல் ஒரு பெண்ணுக்கு சராசரி 0.72 குழந்தை!

கொரியாகிட்ட கத்துக்கணும்னா தாராளமா கத்துக்கலாம். ஆனா வரிசைப்படி கத்துக்கணும். மொதல்ல நிலம், பள்ளிக்கூடம். அப்புறம் தொழிற்சாலை. உள்ளே வேலை பாக்கறவனுக்கு உரிமை அன்னிக்கே. "அப்புறம்"னு தள்ளிப் போட்டது பல பேருக்கு வரவே இல்லை.

இன்னொண்ணு கவனிச்சிருக்கேன். பிரம்பு வேணும்னு கேக்கறவர் யாரும் அது தன் முதுகுல விழும்னு நினைக்கறதே இல்லை :-)

மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.