வேலையில் மனம் ஒட்டுவது எப்போது?

பிழைக்க வந்தவர்களைப் பற்றி எல்லா நாட்டிலும் ஒரு புகார் உண்டு. "இவர்களுக்குச் சம்பளம்தான் குறி. வேலையில் அக்கறை இல்லை" என்பார்கள்.

இந்தப் புகார் சரியா? மேற்கு ஜெர்மனியின் கதையைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஆள் தேவை

போருக்குப் பின் அங்கே தொழிற்சாலைகள் பெருகின. ஆள் போதவில்லை. 1955-ம் ஆண்டில் இத்தாலியுடனும், 1961-ம் ஆண்டில் துருக்கியுடனும் ஒப்பந்தம் செய்தார்கள். துருக்கியர்கள் ரெயில் ஏறி வந்தார்கள்.

அவர்களுக்கு "விருந்தாளித் தொழிலாளி" என்று பெயர். விருந்தாளி என்றால் ஒருநாள் புறப்பட வேண்டியவர்தானே! துருக்கியர் 2 ஆண்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பதே முதல் ஏற்பாடு.

தொழிலாளியும் அப்படியே நினைத்தார். விடுதியில் ஒரே அறையில் பலர் தங்கினார்கள். பணம் சேர்த்து ஊருக்கு அனுப்பினார்கள். "போகப் போகிறவனுக்கு அந்த ஊர்ப் பாஷை எதற்கு?" என்று இருந்துவிட்டார்கள். முதலாளிகளும் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை.

மனம் மாறியது

ஆனால் பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைப் பழக்குவது நஷ்டம். ஆகவே 1964-ம் ஆண்டில் அந்த 2 ஆண்டு நிபந்தனை நீங்கியது. ஆண்டுகள் ஓடின. வேலையைப் பற்றிய எண்ணமும் மாறியது.

1973 ஆகஸ்டில் கொலோன் நகரில், போர்டு கார் தொழிற்சாலையில் வேலை நிறுத்தம் நடந்தது. விடுமுறைக்கு ஊர் போய்த் தாமதமாகத் திரும்பிய சுமார் 300 துருக்கியர்கள் நீக்கப்பட்டதே காரணம். "அவர்களை மீண்டும் சேர்க்க வேண்டும். கூலி உயர வேண்டும். எந்திரத்தின் வேகம் குறைய வேண்டும்" என்று கேட்டார்கள். நாளை போகிறவன் இப்படிக் கேட்பானா? இருக்கப் போகிறவன்தான் கேட்பான்!

அந்த ஆண்டு நவம்பரில் புதிதாக ஆள் எடுப்பது நின்றது. "ஊருக்குப் போனால் திரும்ப முடியாதே" என்று பயந்து, பலர் மனைவி மக்களை வரவழைத்தார்கள். குழந்தைகள் ஜெர்மன் பள்ளிக்கூடம் போனார்கள்.

யார் பொறுப்பு?

குடியேறியவர்களுக்கு மொழி கற்பிக்கும் வகுப்புகள் நாடு முழுவதும் சட்டப்படி வந்தது 2005-ம் ஆண்டில்தான். ஒப்பந்தம் போட்டு 44 ஆண்டுகளுக்குப் பிறகு!

வேலையில் அக்கறை வேண்டும் என்றால், "இது என் இடம்" என்ற எண்ணம் முதலில் வர வேண்டும். அதற்கு வந்தவர் மொழியைக் கற்க வேண்டும். வரவழைத்தவர் அதற்கு வழி செய்ய வேண்டும்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது.