குருத்து பத்திரமா?

டெக்சாஸில் இருப்பவர்களுக்கும், அங்கே பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் இந்த வாரம்!

2021 பிப்ரவரி பனிப்புயல் ஞாபகம் இருக்கிறதா? ஹூஸ்டனிலேயே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ். அழகுக்கு வைத்த பாம் மரங்களின் ஓலையெல்லாம் பழுப்பாகித் தொங்கின. குயின் பாம் ஏராளமாகச் செத்தது. ஆனால், போய்விட்டது என்று நினைத்த சில மரங்கள் கோடையில் துளிர்த்தன. அவசரப்பட்டு வெட்டியவர்களுக்குத்தான் நஷ்டம்.

நம்ம ஊர்த் தென்னை மாதிரிதான், பாமுக்கும் உயிர் குருத்தில் இருக்கிறது. அது அழுகினால் அந்த மரம் அவ்வளவுதான். பக்கக் கிளை விட்டுப் பிழைக்கத் தெரியாது.

எனவே உறைபனி எச்சரிக்கை வந்ததுமே ஓலைகளை மேலே தூக்கித் தளர்வாகக் கட்டி, பழைய போர்வையால் சுற்றிவிடுங்கள். சின்ன மரத்தைத் தரைவரை மூடலாம். வெறும் பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், பட்ட இடம் கருகும். உள்ளே சீரியல் பல்பு சுற்றுவதும் உண்டு. எல்.இ.டி-யில் சூடே இருக்காது; பழைய குண்டு பல்பு சரம்தான் சரி (பரணில் கிடப்பதற்கு ஒரு வேலை!). பல்பு போர்வையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் விலகியதும் போர்வையை எடுத்துவிடுங்கள்.

அப்படியும் கருகிவிட்டதா? பச்சை மிச்சமிருக்கும் ஓலையை வெட்டாதீர்கள். குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அழுகல். லேபிளில் சொன்ன அளவில் தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றிப் பார்க்கலாம். அசையாமல் நின்றால், கோடைவரை கோடாரியைத் தொடாதீர்கள்.