வேண்டாத நிலமா, வேண்டாமலாக்கிய நிலமா?

தாத்தா செத்து இருபது வருசமாச்சு. அவர் பேரில் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் கிடக்கு. வேலிக்காத்தான் மண்டிப் போச்சு. தீர்வை பாக்கி. அப்பாவும் போய்ச் சேர்ந்துட்டார். சென்னையில் இருக்கிற சித்தப்பா, "அந்தக் கரம்பு யாருக்குடா வேணும்?" என்றார். இந்த நேரம் பார்த்து ஊர்த்தெருவிலிருந்து பக்கத்து நிலத்துக்காரர் ஆள் அனுப்புகிறார்: "பாக்கிய நான் கட்டிடறேன். எல்லாரும் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க." எவ்வளவு பெரிய மனசு!

யாருக்கும் வேண்டாத நிலம் அவருக்கு மட்டும் ஏன் வேணும்? வண்டிப்பாதையை மடக்கி உழுதது யார்? கிணத்துத் தண்ணி தரமாட்டேன்னது யார்? பாதையும் தண்ணியும் இல்லாமல் தரிசாக்கிவிட்டு, 'சேரிக்காரனுக்கு நிலம் வச்சுப் பிழைக்கத் தெரியல' என்று பேசுவதும் அதே வாய்தான்.

அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் வெள்ளை அரசு போட்ட உத்தரவால் வந்த ஒப்படை. பத்து வருசம் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்குள் மட்டுமே கைமாறலாம். மீறினால் அரசு திரும்ப எடுக்கலாம். இதுதான் நிபந்தனை. இந்த நிலங்களைக் கேட்டுப் போராடித்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டதை நாம் ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுப்பதா?

கடைசியில் தடுத்தது அத்தை. அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கப்பன் நிலத்துல எனக்குப் பங்கில்லையா? நான் போடமாட்டேன்" என்று சொல்லிட்டாங்க. 1956ஆம் வருச வாரிசுரிமைச் சட்டப்படி தகப்பன் சொத்தில் மகளும் மகனும் சமம். ஊர்த்தெருவைத் திட்டத் தெரிந்த நமக்கு, வீட்டுப் பெண்ணின் பங்கு மட்டும் மறந்துபோகுது.

பிறகுதான் அலைச்சல். தாத்தா செத்ததை யாரும் பதியவில்லை. வருசம் கடந்த சாவைப் பதிய உத்தரவு வாங்கணும். அது வந்தால்தான் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று. அது கிடைத்தால்தான் பட்டாவில் பேர் மாற்றம். வி.ஏ.ஓ. ஆபீசில், "எதுக்குப்பா இந்த வீண் வேலை?" என்றார்கள். நமக்கு வேலை என்றால் மட்டும் அது வீண் வேலை!

தோழர்களே, தீர்வை ரசீது மட்டுமே நிலத்தைச் சொந்தமாக்கிவிடாது. ஆனால் அனுபோகத்துக்கு அது சாட்சி. அந்தச் சாட்சியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கோர்ட் வாசலில் அழாதீர்கள். பாக்கியை நீங்களே கட்டுங்கள். வாரிசுப் பட்டியலில் அத்தைமார் பேர் விடுபடாமல் பாருங்கள்.

எங்க பாக்கி எவ்வளவு தெரியுமா? அத்தையின் ஒருநாள் களையெடுப்புக் கூலிகூட இல்லை. அதற்காகவா ஒன்றரை ஏக்கரை விடப் பார்த்தோம்? உங்க தாத்தா, பாட்டி பேரில் என்ன கிடக்கிறது என்று, நாளைக்கே போய் 'அ' பதிவேட்டைப் பாருங்கள்.