வாத்தியாரை மாற்றுங்கள்!

வீட்டில் பையன் பரீட்சையில் தவறிவிட்டால் முதலில் அகப்படுகிறவர் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். பையனை மாற்ற முடியாது, பெற்றோரை மாற்றுவதற்கும் வழியில்லை, உபாத்தியாயரை மாற்றலாம். இதே நியாயத்தை அமெரிக்காவில் கூடைப்பந்துக் கோஷ்டிகளின் சொந்தக்காரர்கள் எவ்வளவு சிரத்தையாக அநுஷ்டிக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, என் போன்ற உபாத்தியாயர்களுக்கு, நாம் தனியாக இல்லை என்ற ஆறுதலாவது கிடைக்கிறது.

அந்தத் தேசத்தில் கூடைப்பந்து மாலைப் பொழுதுபோக்கு மாத்திரம் அன்று, பெருந்தொழில். ஒரு கோஷ்டி சாதாரணமாக ஒரு பருவத்தில் 82 பந்தயங்கள் ஆட வேண்டும். ஆட்டக்காரர்களுக்கோ பல வருஷ ஒப்பந்தம், கோடிக்கணக்கில் ஊதியம். தோல்வி மேல் தோல்வி வந்தால் அத்தனை பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட இயலுமா? ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் தலைமைப் பயிற்சியாசிரியர். அவரை அனுப்பிவிட்டால் ஏதோ காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தி சொந்தக்காரருக்கு. கூச்சல் போட்டதற்குப் பலன் கிடைத்தது என்ற திருப்தி ரசிகர்களுக்கு.

டெக்ஸாஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோ நகரில் ஸ்பர்ஸ் என்ற கோஷ்டி ஒன்று உண்டு. 1994-ல் அதன் பயிற்சியாசிரியராக வந்த பாப் ஹில் என்பவர் முதற் பருவத்தில் 62 பந்தயங்களிலும் அடுத்த பருவத்தில் 59 பந்தயங்களிலும் ஜயம் காட்டினார். அந்த ஜயங்களுக்கெல்லாம் தூணாக நின்றவர் ஏழடிக்கு மேற்பட்ட உயரமுள்ள டேவிட் ராபின்ஸன். 1996-ல் மூன்றாவது பருவம் தொடங்கியபோது முதுகில் ஏற்பட்ட கோளாறினால் ராபின்ஸன் ஆட முடியவில்லை. தூணில்லாத மண்டபம் என்ன ஆகுமோ, அதுவே ஆயிற்று. 18 பந்தயங்களில் 15 தோல்வி!

அவ்வருஷம் டிசம்பரில் கோஷ்டியின் பொது நிர்வாகியான கிரெக் பாப்போவிச் என்பவர் ஹில்லை நீக்கினார். நீக்கியதோடு நில்லாமல், காலியான ஸ்தானத்தில் தாமே அமர்ந்தார். ராபின்ஸன் குணமாகித் திரும்பும் சமயம் பார்த்தா இப்படிச் செய்வது என்று ஊரார் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் விதி வேடிக்கையானது. திரும்பி வந்த ராபின்ஸன் ஆறே பந்தயங்கள் ஆடினார். காலில் எலும்பு முறிந்து மறுபடியும் படுக்கைக்குப் போனார். புது வாத்தியாரின் கீழ் நடந்த 64 பந்தயங்களில் ஜயம் 17, தோல்வி 47. ஹில்லின் குற்றம் தோல்விதான் என்றால், இந்தக் கணக்குக்கு என்ன தண்டனை? பாப்போவிச் நிர்வாகியாகவும் இருந்தபடியால் பாப்போவிச்சை நீக்கப் பாப்போவிச் முன்வரவில்லை!

ஒரு நன்மை மட்டும் விளைந்தது. பின்தங்கிய கோஷ்டிகளுக்கு, கல்லூரிகளிலிருந்து புதிதாக வரும் ஆட்டக்காரர்களை முதலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சீட்டுப்போட்டு வாய்ப்பு அளிப்பது அங்கே வழக்கம். 1997-ல் முதற் சீட்டு ஸ்பர்ஸுக்கு விழுந்தது. டிம் டங்கன் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். அடுத்த பருவத்திலேயே 56 ஜயங்கள்.

பிறகு வந்தது 1999. சொந்தக்காரர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஏற்பட்ட பணத் தகராறினால் பருவம் பிப்ரவரியில்தான் தொடங்கியது. பந்தயங்களும் 50 ஆகக் குறைந்தன. ராபின்ஸன், டங்கன் இருவரும் இருந்தும், முதல் 14 பந்தயங்களில் ஸ்பர்ஸ் ஜயித்தவை ஆறு, தோற்றவை எட்டு. "வாத்தியாரை மாற்றுங்கள்!" என்ற பழைய பல்லவி மறுபடியும் கிளம்பிற்று. ஹில்லை எந்தப் படியால் அளந்தாரோ அதே படி இப்போது பாப்போவிச்சின் வாசலுக்கு வந்து நின்றது.

ஆனால் இந்தத் தடவை அவசரப்படவில்லை. எஞ்சிய 36 பந்தயங்களில் கோஷ்டி 31-ல் ஜயித்தது. அந்த ஜூன் மாதத்தில் தன் சரித்திரத்தில் முதல் தடவையாகச் சாம்பியன் பட்டத்தையும் பெற்றது. பின்னர் 2003, 2005, 2007, 2014 ஆகிய வருஷங்களிலும் பட்டம் வந்தது. பாப்போவிச் 2025-ல் அந்த ஸ்தானத்தை விட்டு விலகியபோது, பருவப் பந்தயங்களில் அவர் கணக்கில் 1,422 ஜயங்கள் இருந்தன. அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் வேறு எந்தப் பயிற்சியாசிரியரும் அவ்வளவு பெற்றதில்லை.

அப்படியானால் வாத்தியாரை ஒருநாளும் மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். மயாமி நகரக் கோஷ்டியில் 2005-ஆம் வருஷம் பருவத்தின் நடுவே பயிற்சியாசிரியர் விலக, நிர்வாகி பாட் ரைலி தாமே பொறுப்பேற்று 2006-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே ரைலி, 2010-ல் கோஷ்டி 9 ஜயம், 8 தோல்வி என்று தடுமாறியபோது, ஊரெல்லாம் கூச்சலிட்டும் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்ற இளம் பயிற்சியாசிரியரை நீக்கவில்லை. 2012, 2013 இரண்டு வருஷங்களிலும் பட்டம் வந்தது. மருந்து ஒன்றே எல்லா நோய்க்கும் ஆகாது. நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதுதான் பிசகு.

என் அநுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், என் வகுப்பில் பாதிப் பேருக்குமேல் கணக்கில் தவறிவிட்டார்கள். பெற்றோர் சிலர் தலைமை ஆசிரியரிடம் சென்று என்னை மாற்றும்படி கேட்டார்கள். அவர் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் மூன்று நாள் என் வகுப்பின் கடைசிப் பெஞ்சியில் வந்து பேசாமல் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மாலை என்னை அழைத்து, "உமக்குக் கணக்கு நன்றாக வருகிறது, ஐயா! ஆனால் நீர் கரும்பலகையோடு பேசிக்கொண்டிருக்கிறீர். கொஞ்சம் திரும்பிப் பையன்களோடு பேசும்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று முதல் திரும்பிப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டேன். குற்றம் என்னுடையதுதான். ஆயினும் அது மார்க்குப் பட்டியலில் எழுதியிருக்கவில்லை. கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்தது.

ஆகவே, பாப்போவிச்சின் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹில்லின் நினைவு வருகிறது. 1999-ல் பாப்போவிச்சுக்குக் கிடைத்த அந்த 36 பந்தயங்கள் 1996-ல் ஹில்லுக்கும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோற்றிருக்கலாம், ஜயித்தும் இருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது. அவசரத் தீர்ப்பில் உள்ள கொடுமை இதுதான்: தீர்ப்பு தவறு என்று பின்னால் நிரூபிப்பதற்குக்கூட அது இடம் வைப்பதில்லை.