புகை எங்கே இறங்கும்? கணக்கைக் காட்டு!



புது ஆலை, அனல்மின் நிலையம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவார்கள். கலர் படம் காட்டி, "கம்ப்யூட்டர் கணக்குப்படி உங்க ஊர்க் காற்றுக்குப் பாதிப்பில்லை" என்பார்கள். நாம கையைக் கட்டிக்கிட்டு கேட்கணுமா?

அது என்ன கணக்கு? புகைபோக்கி உயரம், வெளியேறும் வாயுவின் அளவு, காற்றின் திசை, வேகம், வெயில் எல்லாவற்றையும் 'ஏர்மாட்' போன்ற புரோகிராமில் போடுகிறார்கள். எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு நஞ்சு இறங்கும் என்று அது சொல்லும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

முதலாவது, பருவம். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த மூன்று மாத அளவீட்டை வைத்தே அறிக்கை எழுதுகிறார்கள். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசலில் உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய் நிற்பது வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில். அந்தக் காற்று கணக்கில் எங்கே?

இரண்டாவது, கடல். பகலில் குளிர்ந்த கடற்காற்றோடு புகை மேலேயே கரையேறும். உள்ளே சூடான நிலத்துக் காற்றில் கலந்ததும் மொத்தமாகக் கீழே இறங்கும். கரையில் இருப்பவனை விட்டுவிட்டு உள்ளூர்க்காரன் தலையில் விழும்! ஏர்மாட் இதைத் தானாகக் கணக்கில் எடுக்காது. தனியாகப் போடணும்.

மூன்றாவது, சராசரி. 2009 விதிப்படி கந்தக டை ஆக்சைடு 24 மணி நேர சராசரியில் கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உதாரணத்துக்கு, இரண்டு மணி நேரம் 480 வந்து மீதி நேரம் ஒன்றுமில்லை என்றால் சராசரி 40தான். தாளில் பாஸ்! கருகின இலைக்கு யார் பதில் சொல்றது?

23.3.2013 காலை தூத்துக்குடி மக்கள் கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று துடித்தார்கள். 29ஆம் தேதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட்டை மூடச் சொன்னது. பிறகு பசுமைத் தீர்ப்பாயம் திறக்க விட்டது. 22.5.2018 துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர் போன பிறகே அரசு மூடியது. 29.2.2024ல் உச்சநீதிமன்றமும் ஆலையின் மனுவைத் தள்ளியது. காற்றுக்காக நாம் கொடுத்த விலை அது.

நமது கோரிக்கைகள்:

* வாடைக்காலம் சேர்த்து ஓராண்டு அளவீடு வேண்டும்!
* கடற்காற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும்!
* மணிக்கு மணி அளவை ஊராட்சிப் பலகையில் எழுது!
* முழு அறிக்கையையும் தமிழில் கொடு!

2006 அறிவிக்கைப்படி கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தரணும், நடப்பதை வீடியோ எடுக்கணும். நம் கேள்வி ஒவ்வொன்றும் அதில் பதிவாகட்டும். குடும்பத்தோடு வாரீர்! கணக்கைக் கேட்போம்! காற்றைக் காப்போம்!